திங்கட்கிழமை பீப் சத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம். இந்த ஒரு வரியை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டு நாலாவது தாளில் எழுதுகிறேன், பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை, படித்துக்கொண்டே வா, புரியும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், மெசேஜ் அனுப்பினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாருக்கு என்ன என்று எட்டிப் பார்க்கிறார். அதனால் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்குகிற மேஜையில் வைத்து எழுதுகிறேன். முதலாளி இரண்டு தடவை பார்த்துவிட்டார், ஸ்டாக் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். நடுவில் இரண்டு தடவை அப்பாவுக்குப் போன் அடித்தும் ஆகிவிட்டது, கையெழுத்து அங்கங்கே கோணினால் அதுதான் காரணம்.

இதய ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அப்பா கழுத்தில் ஒரு பொத்தான் தொங்குமே, அழுத்திப் பிடித்தால் பழைய டெலிபோன் பக்கத்தில் இருக்கிற பெட்டி தானாகவே உதவி மையத்துக்கும் எனக்கும் போன் போடுமே, அது உனக்குத் தெரியும். நாம் ஃபைபர் போட்ட மாதம் தெருவில் ஒரு போரே நடந்தது, அதை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை. காலையில் கேபிள்காரர் வந்து டிவி வருகிற கம்பியிலேயே இன்டர்நெட்டும் வரும், சுவரில் ஓட்டையே வேண்டாம் என்றார். மத்தியானம் இன்னொருவர் ஒரு டப்பாவோடு வந்து, ஜன்னலோரம் வச்சாப் போதும், டவர்லேருந்து காத்துலயே வந்துடும் என்றார். ஃபைபர்காரர் வந்து, அவங்க ரெண்டு பேரும் சாயங்காலமானா நொண்டுவாங்கம்மா, தெருவே ஒரே நேரத்துல படம் பாக்குமில்ல, நம்மது கண்ணாடி இழை, நேரா வீட்டுக்குள்ளயே வரும் என்றார். மாடி வீட்டு வாத்தியார் மொட்டை மாடியில் தட்டு வைத்து வானத்திலிருந்தே வாங்கிக்கொள்ளப் போகிறாராம், மழை வந்தா என்ன ஆகும்னு மட்டும் கேக்காதீங்க என்கிறார். அப்பாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை, முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் இல்லையா, ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கணும் என்று ஒரே பிடி. நான்தான் கேட்கவில்லை. பழைய போன் கம்பியில் வந்த இன்டர்நெட்டில் உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். நீயும் ஃபைபர் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஆனால் கண்ணு, உன் முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னுடையது, கையெழுத்தும் நான் போட்டது.

ஃபைபர்காரரைக் குறை சொல்ல மாட்டேன், ஓட்டை போட்ட தூளைக்கூட அவரே பெருக்கினார். டெலிபோனைப் புதுப் பெட்டியில் மாட்டிவிட்டு, பழைய லைன்ல வேற ஏதாவது ஓடுதாம்மா என்று கேட்கவும் கேட்டார். நான் அடுப்படியிலிருந்தே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொத்தான் பெட்டி எனக்கு ஆஸ்பத்திரி சாமான், மாத்திரை டப்பாவோடு சேர்ந்தது, அது போன் லைனில் ஓடுகிறது என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. அதன் ஒயர் சோபாவுக்குப் பின்னால் பழைய சுவர்ப் பிளக்கிலேயே இருந்தது, வாரம் தவறாமல் நான்தான் பெட்டியைத் தூசி தட்டினேன். இரண்டு நாளில் பழைய லைனை வெட்டிவிட்டார்கள். அப்பா வண்டி எடுப்பதற்கு முன் பிரேக்கை மிதித்துப் பார்க்கிற பழக்கத்தில், திங்கட்கிழமை தோறும் பொத்தானை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார், பெட்டி பீப் என்று கத்தும், எல்லாம் சரி என்று டீ குடிக்கப் போய்விடுவோம். பொத்தானில் பேட்டரி இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்த பீப் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள். லைன் இல்லை என்று பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, சுவரைப் பார்த்திருந்ததால் கண்ணில் படவில்லை.

போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, நான் கடையில் இருந்தபோது, அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பதறாதே, எலும்பு முறியவில்லை, எல்லாம் படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, இதயமும் நன்றாக இருக்கிறது, கணுக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. பொத்தானை அழுத்தியிருக்கிறார், கூடத்தில் பீப் கேட்டிருக்கிறது, யாரோ வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். திரும்ப அழுத்தி, திரும்பக் காத்திருந்து, ஒன்றரை மணி நேரம். நான் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் துண்டைச் சுருட்டிக் கழுத்துக்குப் பின்னால் வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், உதடெல்லாம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், வண்டி பிரேக்டவுன், பயணிகள் எல்லாம் இறங்கிக்கலாம் என்றார். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அழுத்தி அழுத்திப் பார்த்த நேரத்தில் நான் கடைக்கு வந்தவர்களிடம் எங்கள் வீட்டில் ஃபைபர், மகள் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டெலிபோன் ஆபீஸில் போய்ப் பழைய லைனையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன், வீட்டில் கரண்ட் போனாலும் அது பேசும், அதற்கு வேண்டிய மின்சாரம் கம்பியிலேயே வருமாம். தெரு முழுக்கப் பழைய கம்பியை உருவிக்கொண்டிருக்கிறோம், இனி கிடையாது என்றுவிட்டார்கள். ஃபைபர்காரர் முகம் செத்துப்போய் வந்தார், கண்ணாடி இழைல கரண்ட் வராதும்மா, கரண்ட் போனா நம்ம பெட்டியும் படுத்துக்கும், பேட்டரி வச்சாத்தான் உண்டு என்றார். வாசலில் நின்று கேட்ட கேபிள்காரர், நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பித்தார், உங்களுடையது மட்டும் கரண்ட் இல்லாமல் ஓடுமா என்று கேட்டேன், போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே வழி சொன்னார்கள், சிம் கார்டும் பேட்டரியும் உள்ளேயே இருக்கிற பெட்டி வந்திருக்கிறதாம், புதன்கிழமை மாட்டுகிறார்கள். என் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து சிக்னல் பார்த்துவிட்டேன், ஜன்னலோரம்தான் நாலு கோடு. அதுவரை அரை மணிக்கு ஒரு தடவை போன் அடிக்கிறேன், இன்னும் இருக்கேன், அடுத்த பஸ் அரை மணில என்று சொல்லி வைத்துவிடுகிறார். இனி திங்கட்கிழமை பீப் செல்லாது, அழுத்தி, மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்ட பிறகுதான் டீ.

இதை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், தான் சொல்லித்தானே மாத்தினாங்கன்னு பிள்ளை மருகிப்போயிடும் என்றார். நான் இதுவரை உன்னிடம் எதையும் மறைத்ததில்லை, இதை மட்டும் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இது கைக்குக் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, அழுவதானால் முன்னாலேயே அழுது முகம் கழுவிவிட்டு வந்து உட்கார். முன்பு போலப் படம் உடைந்து எதுவும் மறைவதில்லை, உன் கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது என்று அப்பா இரண்டு நாள் அதையே பேசினார். போன ஞாயிறு அவரும் வீங்கின காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டுதான் உன்னோடு சிரித்துச் சிரித்துப் பேசினார்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட்ட உன் அம்மா