பதினொரு பேர், ஒரு ஆடு

ஸ்டோரிலிருந்து இன்று புது லாக் புத்தகங்கள் வந்தன. நீலத் துணி முதுகு, பிரித்ததும் அதே பசை வாசனை. உனக்கு அந்த வாசனை பிடிக்கும், எனக்குத் தலை வலிக்கும். ஏதோ ஞாபகத்தில் முதல் புத்தகத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்து, வலது ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்துவிட்டேன். இரண்டாவது பக்கமும் இழுத்த பிறகுதான், அந்தக் கட்டத்தில் சுருக்கொப்பம் போட நீ இல்லை என்பது உறைத்தது. மிச்சப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டேன்.

நம் அறை மாறவில்லை. படகு ஜெட்டியைப் பார்த்த ஜன்னல், இரைந்துகொண்டே இருக்கும் ரேடியோ, இரண்டு நாற்காலி. தீவுகளுக்கு நடுவே ஓடும் படகுகளும், இன்ஜின் வைத்த சின்ன டிங்கிகளும் கூப்பிட்டால் பதில் சொல்வதும், சொன்னதை லாகில் எழுதுவதும்தான் வேலை. உன் நாற்காலியில் இப்போது கொல்லத்துக்கார சேச்சி உட்காருகிறார். நல்லவர். ஃபேனை மட்டும் ஐந்தில் வைத்துக் கொல்கிறார்.

எனக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர் சொன்னபோது நாம் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். வீட்டுக்கு வெளியே நான் சொன்ன முதல் ஆள் நீதான். டெலானிபூர் குவார்ட்டர்ஸ் ஏற்றத்தில், மழையில், ஒரே குடைக்குள் சொன்னேன். ஆள் இல்லாமல் குரல் கேட்கிறது, அது என்னைத் திட்டுகிறது என்றேன். நீ நடையை நிறுத்தவே இல்லை.

"ஆளில்லாத கொரல் கேக்குற புள்ளைக்கு ரேடியோ ரூம்ல டியூட்டி. கவர்மெண்டு ஆளப் பாத்துத்தான் போஸ்டிங் போட்டிருக்கு" என்றாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் நீ வளர்ந்த கட்சால் தீவைப் பற்றிச் சொன்னாய். உன் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவர்கள். சுனாமிக்குப் பிறகு கேம்ப்பில் பாதிப் பேருக்குக் கடல் இரைச்சலும், போனவர்கள் கூப்பிடுவதும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். "யாரும் யாரையும் பைத்தியம்னு சொல்லல. சோறு போட்டு, வேல குடுத்தாங்க. டென்ஷன் மத் லோ" என்றாய், கவலைப்படாதே என்று இந்தியில். அது வேறு, என்னுடையது வேறு என்று டாக்டர் பின்னால் விளக்கினார். ஆனால் அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வருஷம் நான் அந்தத் தப்பைச் செய்தேன். மாத்திரை போட்டால் காலை டியூட்டியில் கண் சொக்குகிறது என்று, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம், நீ டீ வாங்கப் போயிருந்தாய். ரேடியோ இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல். படகில் தண்ணீர் ஏறுகிறது, காப்பாற்றுங்கள் என்றது. எழுதினேன், போன் அடித்தேன், மீட்பு லாஞ்ச் கிளம்பியது. இரண்டு மணி நேரம் தேடியும் ஒன்றும் இல்லை. அதே சேனலைக் கேட்டுக்கொண்டிருந்த வேறு எந்த அறையிலும் அப்படி ஒரு அழைப்பு பதிவாகவில்லை.

இன்சார்ஜ் நம் இருவரையும் கூப்பிட்டார். தெலுங்கர், நம்மிடம் தமிழில்தான் பேசுவார். மாத்திரை விஷயத்தை நானே சொல்லிவிட்டேன்.

"ரேடியோல இனிமே முடியாதும்மா. மெடிக்கல் போர்டுக்கு எழுதறேன். அவங்க என்ன சொல்றாங்களோ சொல்லட்டும்."

அப்பா போன பிறகு வீட்டில் என் சம்பளம்தான். ஆனால் அந்த நிமிஷம் எனக்குச் சம்பளம் ஞாபகம் வரவில்லை. காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இல்லாமல், அந்தக் குரலோடு நாள் முழுக்க வீட்டில் கிடப்பதைத்தான் நினைத்தேன். நீதான் பேசினாய்.

"சார், வந்த மெசேஜத் திருப்பிச் சொல்லி, அந்தப் பக்கம் சரின்னு சொன்ன பொறவுதானே எழுதணும்? ரூல் அதுதானே? இவ திருப்பிக் கேக்கல. அதான் தப்பு. திருப்பிக் கேக்காம நாங்க எத்தன வாட்டி எழுதியிருக்கோம். நீங்களுந்தான் சார்."

கடைசி இரண்டு சொல் வேண்டாத வேலை. ஆனால் அவர் சிரித்துவிட்டார். டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும், மூன்று மாதம் பகல் டியூட்டி மட்டும், நான் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நீ சுருக்கொப்பம் போட வேண்டும் என்று முடிவானது. டாக்டர் அவ்வளவாகத் தூக்கம் வராத மருந்துக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்று மாதம் முடிந்ததும் இன்சார்ஜ் அதை மறந்துபோனார். நீ மறக்கவில்லை. ஏழு வருஷம், ஒவ்வொரு புதுப் புத்தகத்திலும் அந்தக் கோட்டை இழுத்தாய்.

ஒருநாள் உன்னிடம் கேட்டேன்: திருப்பிக் கேட்டால் அந்தக் குரலும்தானே பதில் சொல்கிறது?

"அது ஒனக்குத் தெரிஞ்சதத்தானே சொல்லுது? தெரியாத ஒண்ணக் கேளு புள்ள."

டாக்டரிடம் இதைச் சொன்னேன். நல்ல வழிதான், ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது என்றார். "மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?" என்று நீ அவர் இல்லாத இடத்தில் சண்டைக்குப் போனாய்.

பிறகு உன் வயிற்று வலி, மெயின்லேண்டுக்கு ரெஃபர், சென்னை ஆஸ்பத்திரி. கப்பல் வேண்டாம் என்று ஃபிளைட்டில் போனாய். பத்து நாளில் வருவேன் என்றாய். உன் தம்பிதான் போன் செய்தான்.

நீ போன பிறகு முதல் இரண்டு மாதம் நான் வேலையை விட்டுவிடலாம் என்றே இருந்தேன். சேச்சியிடம் என் நோயைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அப்படி ஒரு மத்தியானம், சேச்சி சாப்பிடப் போயிருந்தார். ரேடியோவில் ஒரு ஆண் குரல், பாதி இந்தி, பாதி இரைச்சல். இன்ஜின் நின்றுவிட்டது, அலை தூக்குகிறது என்றது. என் கை பேனா மேல் போய் நின்றுவிட்டது. எழுதினால் மறுபடியும் லாஞ்ச் வெறுமனே திரும்பலாம். எழுதாவிட்டால் யாராவது சாகலாம். உன் நாற்காலியைப் பார்த்தேன். அப்புறம் மைக்கை எடுத்து, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கியாரா ஆத்மி," என்றார். பதினொரு பேர். பிறகு, "ஏக் பக்ரி பி ஹை, மேடம்" என்றார். ஆடும் ஒன்று இருக்கிறதாம்.

என் தலைக்குள் இருக்கிற எதுவும் ஆட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. போன் அடித்தேன், எழுதினேன், ஒற்றையாகக் கையெழுத்துப் போட்டேன். மூன்றரை மணிக்கு லாஞ்ச் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஜெட்டிப் படியில் ஏற மாட்டேன் என்று ஆடு அடம்பிடித்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சேச்சி பயந்துபோய் என்ன என்று கேட்டார். அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபேனை மூன்றுக்குக் குறைத்துவிட்டு, உட்கார்ந்து கேட்டார். மறுநாள் மறுபடியும் ஐந்து.

போன வாரம் உன் குரல் கேட்டது. ரேடியோவிலிருந்து இல்லை, நாற்காலிப் பக்கமிருந்து. "எழுது புள்ள" என்றது, அதே இழுப்போடு. பயத்தைவிட எனக்குச் சந்தோஷம்தான் அதிகம். அதனாலேயே திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்: சென்னையில் கடைசி நாள் காலையில் என்ன சாப்பிட்டாய்? அது எனக்குத் தெரியாது. உன் தம்பியிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை.

"எழுது புள்ள" என்று மட்டும் மறுபடி கேட்டது.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன், மாத்திரையும் விடாமல் போடுகிறேன். நீ சொன்னதை லாகில் எழுதவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன்.