ஐஸில் செதுக்கிய முகம்

இன்று காலை அம்பத்தூர் ஐஸ் ஃபேக்டரி வாசலில் கட்டியை வண்டியில் ஏற்றும்போது நனைந்த சாக்கின் வாடை அடித்தது. பதினைந்து வருடம் உன் சட்டையில் இருந்த வாடை. "இன்னாண்ணா, ஏறலியா?" என்று டிரைவர் கேட்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறேன். நீ போய் இருபது நாள் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். இதில் தைரியம் ஒன்றும் இல்லை. நீ திருப்பிக் கேட்கமாட்டாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை எத்தனை கல்யாண மண்டபங்களில் நாம் இரண்டு பேரும் ஐஸில் அன்னமும் மீனும் மயிலும் செய்து நிறுத்தினோம்! கட்டியை உருவத்துக்கு நான் அறுத்துக் கொடுப்பேன். அதன்பிறகு உளியோடு நீ உட்காருவாய். ஆர்டர் பேசுவது நான். பேச்சு உனக்கு வராது. ஆனால் மண்டபத்தில் வந்து நிற்பவர்கள் உன் பெயரைத்தான் கேட்பார்கள். அது எனக்கு உறுத்தும். உன்னிடம் காட்டிக்கொண்டதில்லை.

அப்போதுதான் அந்தத் திருமுல்லைவாயில் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். அவர் முகத்தை ஐஸில் செய்து ரிசப்ஷன் வாசலில் நிறுத்த வேண்டும், அம்மாவுக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது என்றான் பெண்ணின் அண்ணன். நான் கொண்டுவந்த ஃபோட்டோவை நீ கையில்கூட வாங்கவில்லை.

"வேணாம் மச்சான். அன்னம் கரைஞ்சா யாரும் அழமாட்டாங்கோ. மனுசன் மூஞ்சி கரையறத எப்டி பாத்துகினு நிப்பாங்கோ?"

"கைல சரக்கு இல்லன்னு சொல்லேன். இன்னாத்துக்கு சாக்கு சொல்லிகினு கீற?"

அது உன்னை எங்கே குத்தும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஃபோட்டோவை வாங்கிக்கொண்டாய். ஒன்றே ஒன்று கேட்டாய்: "ஒரு மணி நேரந்தான். அப்பால உள்ள எடுத்துரணும். அவங்களாண்ட சொல்லிடு." சரி என்றேன். சொல்லவில்லை. கடைசிப் பந்திவரை அசையாமல் நிற்கும் என்று அந்த அண்ணனிடம் அளந்துவிட்டேன்.

அப்படி ஒரு முகத்தை நீ அதற்குமுன் செய்ததில்லை. உதட்டோரத்து மடிப்புகூட வந்திருந்தது. பெண்ணின் அம்மா கிட்டே வந்தார். மெல்லக் கன்னத்தைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "அன்னிக்கும் இப்டிதான் சில்லுனு இருந்தாரு" என்றார். மகன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதே போய்விட்டது.

வீடியோ எடுப்பவர்கள் விளக்கை நேராக அந்த முகத்தின்மேல் பிடித்தார்கள். நீ இரண்டுமுறை என்னிடம் வந்து, "எடுத்துரலாம்டா" என்றாய். இரு என்றேன். மூக்கு தேய்ந்தது. கண்ணுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. "தாத்தா அழுவுறாரு" என்று ஒரு குழந்தை கைதட்டியது. ஒரு காது கழன்று கீழே இருந்த தட்டில் விழுந்தபோது அந்த அம்மா அலறிய அலறலில் பாட்டுக் கச்சேரி நின்றுபோனது.

அண்ணன் என் சட்டையைப் பிடித்தான். "நிக்கும்னு சொன்னியேடா!"

"நான் வேணாம்னுதான் சொன்னேன் சார். இவன்தான் கேக்கல. நிக்கும்னு என்னாண்ட சொன்னதும் இவன்தான்." உன்னைக் கைகாட்டினேன்.

என்னை விட்டுவிட்டு உன்னை அறைந்தான். நீ என்னை ஒருமுறை பார்த்தாய்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனாய். "உடைச்சி போட்டுட்டு வாடா, வண்டி நிக்குது" என்று கத்தினேன். சுத்தியல் உன் கையில்தான் இருந்தது. "இன்னும் மூஞ்சி கீது மச்சான்" என்றாய். குழாயைத் திறந்து மக்கில் பிடித்துப் பிடித்து ஊற்றினாய். முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாத பிறகுதான் சுத்தியலை ஓங்கினாய். அதுவரை நான் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பொய்தான். சொல்லச் சொல்ல எனக்கே பழகிவிட்டது. எந்த மண்டபமும் உன்னைக் கூப்பிடவில்லை. நானும் வேறு ஆளை வைத்துக்கொண்டேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதோ கம்பெனியில் நீ பெட்டி தூக்குவதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை அம்பத்தூர் ஸ்டேஷனில் எதிரே வந்தாய். சிரிக்கப் பார்த்தாய். நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் இப்படியே போனது.

நெஞ்சுவலி என்று தகவல் வந்து நெமிலிச்சேரியில் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். ஐஸ் பெட்டிக்குள் நீ கிடந்தாய். கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து உன் மனைவி உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உடைந்துபோனாள்.

"அந்தக் கல்யாணத்துல நீங்க அவ்ளோ சொல்லியும் இவருதான் கேக்கலியாமேண்ணா. இவரே சொன்னாரு."

அவளிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் உன் வீட்டுக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் உன் உளிகளை ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்தாள். "உங்களாண்டயே இருக்கட்டும்ணா. வாரா வாரம் தீட்டிகினே இருப்பாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, அவன் எப்பனா கூப்டுவான்னுவாரு."

வாங்கிக்கொண்டேன். காபி கொடுத்தாள், குடித்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். உளிகளில் நீ ஏற்றிய கூர் அப்படியே இருக்கிறது. இப்போது அவற்றை வைத்துத்தான் வேலை செய்கிறேன்.