ஈரத்தில் வார்த்த பெட்டிகள்

7 அக்டோபர் 2008
காலையிலிருந்து மூடுபனி. கூக்கால் விவசாயிகள் கொடுத்த உடைந்த பிளாஸ்டிக் காய்கறிப் பெட்டிகளை அரைத்துச் சில்லாக்கி வைத்திருக்கிறோம். உருக்கி அவர்களுக்கே புதுப் பெட்டி வார்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் புது மெஷின் தானாகவே நின்றுவிடுகிறது. சில்லில் ஈரம் என்று திரையில் காட்டுகிறது. ஈரத்தோடு உருக்கினால் உள்ளே குமிழி விழுந்து பெட்டி எளிதில் உடையும்.

என் வீட்டுக்காரர் நல்லசாமிக்கு எரிச்சல். "வெயிலூருக்குச் செஞ்ச மெஷின் இது. நாயுடுபுரத்துல எப்பத்தான் ஈரமில்ல?"

8 அக்டோபர்
மறுபடியும் நின்றது.

11 அக்டோபர்
நேற்று அம்மாவைப் பார்க்க வத்தலக்குண்டு போய், இன்று திரும்பினேன். பட்டறை நிறையப் பெட்டிகள். வெயில் அடித்ததாம். மலைக்குக் கீழே அங்கேயே நல்ல மழை. இங்கே மட்டும் வெயிலா?

19 அக்டோபர்
கூக்காலிலிருந்து கருப்பம்மாள் முதல் பஸ்ஸில் வந்தார். கையில் நாங்கள் போன வாரம் கொடுத்த பெட்டி, அடி பிளந்து. அவர் தங்கச்சி பொன்னுத்தாய் தலையில் சுமந்து மேடு ஏறும்போது விரிந்திருக்கிறது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"சண்டை போட வரல தாயி. இன்னும் எத்தன பேரு தலையில இந்தப் பொட்டி இருக்குன்னு கேக்கத்தான் வந்தேன்."

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றார்.

அதே நாள், சாயங்காலம்
அவரே சொன்னார். நான் இல்லாத அன்று ஈரம் பார்க்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டினாராம். "தீவாளிக்குள்ள குடுத்துரலாம்னு பாத்தேன்."

என்னத்தச் சொல்ல? அந்தப் புள்ள இனிமே கையூன்றிக் களை பிடுங்குமா? — அவருக்குச் சோத்த வெச்சுட்டு நான் தனியா உக்காந்துட்டேன்.

மெஷின் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் வார்த்த தேதியைப் பதித்துவிடுகிறது. கெட்டது பத்தாம் தேதி ஒரு நாள்தான். கருப்பம்மாளுக்குப் போன் செய்து, அந்தத் தேதிப் பெட்டிகளை யாரும் தூக்க வேண்டாம் என்றேன்.

20 அக்டோபர்
வீட்டுக்காரர் ஜீப்பில் கூக்கால் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றதற்கு, "வேணாம், நான் செஞ்சது" என்றார்.

வண்டி நிறையப் பெட்டிகளோடு திரும்பி வந்தார்.

"திட்டினாங்களா?"

"பொன்னுத்தாயி காப்பி போட்டுக் குடுத்துச்சு. ஒத்தக் கையால."

சொல்லிவிட்டு வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.

24 அக்டோபர்
திரும்பி வந்தவற்றை எல்லாம் அரைத்தோம். மெஷினிலிருந்து வீணாக வெளியே போகும் சூட்டைச் சில்லுத் தொட்டிக்குத் திருப்பினால் என்ன என்று கேட்டேன். அவர் தகரம் வெட்டிக் குழாய் வளைத்தார், நான் பிடித்துக்கொண்டேன். திரையில் ஈரம் மெல்ல இறங்கியது. அன்றைக்கப்புறம் இன்றுதான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

12 நவம்பர்
விடாத மழை. சூடு காட்டியும் சில்லு முழுதாகக் காயவில்லை. நான் எடுத்துச் சொல்வதற்குள் இவரே கருப்பம்மாளுக்குப் போன் செய்துவிட்டார். "பொட்டி தாமசமாகும்க்கா. காஞ்சாத்தான் வார்ப்போம்."

அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"கேரட்டு மண்ணுக்குள்ளதான கெடக்கு, நிதானமா அனுப்புங்கன்னாங்க."