அன்று வந்தது சாமி இல்லை

பாவா,

சோறும் ரசமும் அடுப்பின் மேல் இருக்கின்றன. உங்கள் பிரஷருக்காக உப்பு குறைவு. நான் திருவள்ளூர் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

சாயந்தரம் ஆர்.கே.பேட்டை பங்காரு அண்ணன் வருகிறாராம். மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று என்னிடம் அருள்வாக்குக் கேட்கவாம். வரச் சொன்னது நீங்கள். நீங்களே திருப்பி அனுப்புங்கள். கிருத்திகையன்று மலைப்படியில் எனக்கு வந்தது சாமி இல்லை.

உடம்பு இளைக்கப் போடும் ஊசி பசியையே அடக்கிவிட்டது. விரதம் சுலபமாகப் போகிறதே என்றிருந்தேன். குமட்டுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை வேறு போட்டேன். சர்க்கரை இறங்கி, வேர்த்து, உடம்பெல்லாம் உதறியது.

"பட்டினி இருந்தா அந்த மாத்திரைய யாராவது போடுவாங்களா? கை நடுங்கினா உடனே சர்க்கரைத் தண்ணி குடிக்கணும்மா" என்று டாக்டரம்மா போனில் திட்டினார். கட்டின புருஷன் நீங்கள் அன்று என்ன சொன்னீர்கள்? "முருகன் வந்துகினு இருக்காரு, யாரும் கிட்ட வராதீங்க."

அடுத்த கிருத்திகைக்கும் நான் விரதமிருந்து ஏறுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறீர்கள். ஏற மாட்டேன்.

சுதா

ஊசி ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. உங்கள் தங்கை தானும் இளைக்க வேண்டும் என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. அன்று நான் "தண்ணி, தண்ணி" என்று கேட்டுகினே இருந்தேன். சொம்பு உங்கள் கையில்தான் இருந்தது. அதை என் காலில் ஊற்றிக் கும்பிட்டீர்கள்.