எங்க வீட்டு நாலு ஓட்டு

மார்ச் 3

அத்தைக்கு இன்றைக்கு இட்லி இறங்கவில்லை. கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் அசைவு இல்லை, பேச்சும் குழறுகிறது.

மாமா வாசல் அறையில் கூட்டம் போட்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவரைப்போலப் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள். பிரான்சில் அதிபர் தேர்தல். இங்கே புதுச்சேரியில் இருந்துகொண்டே ஓட்டுப் போடலாம் இவர்கள். "வெர்னேதான் நம்ம ஆளு. எல்லாரும் அவனுக்கே போடுங்க" என்று மேசையைத் தட்டினார் மாமா.

மாமா, அத்தை, நாத்தனார் சிவசங்கரி, பாரிசில் இருக்கிற என் வீட்டுக்காரர் கோபிநாத், நாலு பேருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. நாலு ஓட்டு. நான் மட்டும் இந்தியக்காரி. காபி போட்டுக் கொடுத்தேன்.

விசாவுக்குக் காகிதமெல்லாம் கொடுத்தாச்சு. கல்யாணமாகி மூணாவது வருஷம் நடக்குது, இன்னும் புருஷனோட ஒரு வீட்ல இருந்ததில்ல.

மார்ச் 9

டிவியில் லக்ரூவா பேச்சு. வெர்னேயை எதிர்த்து நிற்கிறவர். நான் படிக்கிற பிரெஞ்சுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் ஒரு வரி நன்றாகவே புரிந்தது: வெளிநாட்டில் கட்டிக்கொண்ட மனைவிக்கும் புருஷனுக்கும் இனிமேல் சுலபமாக விசா கிடையாது, பல வருஷம் காத்திருக்க வேண்டும்.

சிவசங்கரி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், சாயங்காலமானால் இங்கே வந்துவிடுவாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "கரெக்டாத்தான் பேசறான். எவ எவளோ தாலிய காட்டிட்டு ஏறிப் போயிடறாளுங்க."

பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். முறுக்குத் தட்டை என் பக்கம் நீட்டினாள்.

மார்ச் 10

கோபி போனில்: "அதெல்லாம் சும்மா பேசறது. நாங்கல்லாம் வெர்னேக்குத்தானே போடப் போறோம். நீ ஏன் பயப்படற?" பயப்படக்கூடாது.

மார்ச் 17

அத்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்த நர்சம்மா நின்றுவிட்டாள். மலம் அள்ளத் தன்னால் ஆகாதாம்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்தில் சிவசங்கரி: "இவ போயிட்டா அம்மாவ யாருப்பா பாக்கறது? நானா? என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

மாமா "போறதுக்கு வழி இருந்தாத்தானே போவா" என்றார்.

குரலைத் தாழ்த்தக்கூட இல்ல. நான் மேல இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசினாங்களா? ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

மார்ச் 25

இதை எழுதலைன்னா தூக்கம் வராது.

மாமா கூப்பிட்டார். "உனக்குத் தமிழ் நல்லா வரும். நம்ம சொல்தா சங்கத்து வாட்ஸ்அப்புக்கு ஒண்ணு அடிச்சுக் குடு. வயசானவங்களுக்குப் பிரெஞ்சு படிக்க வராது."

வெர்னேக்கு என்று நினைத்து போனை எடுத்தேன். "லக்ரூவாவுக்கு ஏன் ஓட்டுப் போடணும்? இதான் தலைப்பு" என்றார்.

"மாமா, நீங்க வெர்னேன்னு..."

"அது அப்ப."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பென்ஷன் ஏறும். நாடு பாதுகாப்பாக இருக்கும். கடைசியில், வெளிநாட்டு மனைவிமார்களுக்கு உடனே விசா கிடையாது. அதை அடிக்கும்போது விரல் நின்றது. மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "தப்பில்லாம எழுதியிருக்க. அந்தக் கடைசி வரிய மேல கொண்டாந்து போடு" என்றார்.

போட்டேன். ஏன் போட்டேன்? போனைத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். "நான் என்னா பாவம் பண்ணேன் மாமா"ன்னு கேட்டிருக்கலாம். ஒண்ணும் கேக்கல. எழுத்துப்பிழை இருக்கான்னு இன்னொரு தடவை பாத்துட்டு அனுப்பினேன்.

ராத்திரிக்குள்ள சங்கத்துக்காரங்க ஒவ்வொருத்தரா கட்டைவிரலைத் தூக்கிப் போட்டாங்க. வெர்னேக்குக் கை தட்டினவங்கதான் எல்லாரும். என் கையால காபி குடிச்சவங்கதான்.

மார்ச் 29

கோபியின் ஓட்டு இன்னும் இந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. அவருக்குப் பதிலாக மாமா போடலாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இன்றைக்குப் போனில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"உங்க ஓட்ட யாருக்குப் போடச் சொன்னீங்க?"

"அப்பா இஷ்டம்."

"அப்பா லக்ரூவாவுக்குப் போடறாரு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பெருமூச்சு விட்டார். "கவி, இங்க வந்து பாத்தாத்தான் உனக்குப் புரியும். வேல செய்யற எடத்துல தெனம் புதுசு புதுசா ஆளுங்க வந்து எறங்கறாங்க. எங்களுக்கே எடம் இல்ல."

"நானும் அப்படி வர்ற ஆளுதானே?"

"நீ வேற, அவங்க வேற."

எப்படி வேறன்னு கேட்டேன். வேலைக்கு நேரமாச்சுன்னு வெச்சிட்டார்.

ஏப்ரல் 10

முதல் சுற்று. வெர்னே, லக்ரூவா இரண்டு பேரும் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். ராத்திரி மருந்து கொடுக்கும்போது அத்தை என் காதைப் பிடித்து இழுத்து, "நான் வெர்னேக்குத்தான் போட்டேன்டி. யார்ட்டயும் சொல்லாத. நீ போய்ப் பொழைக்கணும்" என்றாங்க. குழறிக் குழறி அதைச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரமானது. அவங்க மடியில் தலை வைத்து அழுதேன்.

ஒருத்தராவது இருக்காங்க.

ஏப்ரல் 15

முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பிரான்ஸ் மாப்பிள்ளைக்காக அப்பா சொந்த வீட்டை வித்துட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். இப்போது அண்ணன் இருப்பது ஒற்றை அறை வாடகை வீடு. அண்ணி வாசலிலேயே நின்று என் பையைப் பார்த்தாள். "எத்தினி நாளுக்கு?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணி."

"அப்ப சரி, உள்ள வா."

டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் 24

இரண்டாம் சுற்று. அத்தையைச் சக்கர நாற்காலியில் வைத்து கான்சலேட் வாசல் வரை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்து சிவசங்கரி வாங்கிக்கொண்டாள். நான் கடற்கரைச் சாலையில், வெயிலில். மாமா வெளியே வரும்போது, தெரிந்தவர்களிடமெல்லாம் இரண்டு விரலைக் காட்டினார். அவர் ஓட்டு ஒன்று, மகன் ஓட்டு ஒன்று.

வீட்டுக்கு வந்து அத்தைக்குப் புடவை மாற்றும்போது சிரித்துக்கொண்டே கேட்டேன்: "என் ஓட்டு பத்திரமா உள்ள போச்சா?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்தேன்.

"மாத்திட்டேன்டி."

புரியாதது போலக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாங்க. "லக்ரூவாவுக்கு. சிவசங்கரி என்னத் தொட மாட்டா. நீ போயிட்டா... நான் நாறிக் கெடப்பேன்."

"அப்படின்னா நான் எங்க கெடக்கிறது அத்தை?"

இடது கையால் தலையணையைக் காட்டினாங்க. உயரமா வைக்கணுமாம்.

ஏப்ரல் 25

வெர்னே ஜெயித்துவிட்டார். அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

காலையில் மாமா போனை நீட்டினார். "வாழ்த்து ஒண்ணு அடி. புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க ஆரம்பத்துலேர்ந்தே வெர்னே பக்கம்தான்னு போடு."

அடிச்சுக் கொடுத்தேன். ஸ்வீட் பாக்கெட்டோட வந்த சிவசங்கரி என் வாயில ஒண்ணு திணிச்சா. "உன் நல்ல நேரம் பாரு!"

ஆகஸ்ட் 21

விசா வந்துவிட்டது.

இனி இவர்கள் சட்டத்தின் மேலே பழி போட முடியாதே, நேராகத்தான் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். நேராகவே சொல்லிவிட்டார் கோபி. "இப்ப வராத. அம்மா இருக்கிற வரைக்கும் அங்க இரு."

"நானே டிக்கெட் எடுத்துட்டு வந்தா?"

"வந்தீன்னா கதவத் திறக்க மாட்டேன்."

மாமா பாஸ்போர்ட்டை ஒளிக்கவெல்லாம் இல்லை. கேட்டதும் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "வெச்சிக்கோம்மா. உன்னை யாரு கட்டிப் போட்டது?"

செப்டம்பர் 30

எழுத ஒண்ணுமில்லை.

டிசம்பர் 2

விசாவின் கடைசித் தேதி நேற்றோடு போயிற்று. வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு நாளாக விடாத மழை. இன்று அத்தைக்குத் தலைக்கு ஊற்றினேன். தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. "சுடுதண்ணி கலக்குடி" என்றார்கள். கெய்சரில் தண்ணீர் காய்ந்துதான் இருந்தது. கலக்கவில்லை. முதல் சொம்புக்கே உடம்பு தூக்கிப்போட்டது, பல் தந்தியடித்தது. இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

"கண்ண மூடிக்கோங்க அத்தை" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அடுத்த சொம்பை மொண்டேன்.