சூட்டுக்கு வெந்தயம்

மதினி,

இன்று காலை கடையில் வெந்தய டப்பாவைத் திறந்ததும் என் கண்முன் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருக்கும் பெண் ஒருத்தி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, சூட்டுக்கு வெந்தயம் தாங்க. வெள்ளைப்படுது, எரிச்சலா இருக்கு" என்றாள்.

கல்யாணமான புதிதில் எனக்கும் இந்த வெந்தய வாசனையோடுதான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. போர்வெல் வண்டியோடு வடக்கே சுற்றிய என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, ஊர்த் திருவிழாவுக்கு வந்துபோன பிறகு எரிச்சல், அடிவயிற்றில் வலி. சூடுதான் என்று அத்தையும் நானும் முடிவு கட்டிவிட்டோம். ஊறவைத்த வெந்தயம், இளநீர், எண்ணெய்க் குளியல். வலி மட்டும் போகவில்லை. எங்களைப் பார்க்கப் பொன்னமராவதிக்கு வந்த நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, எம்புட்டு வெந்தயத்தத்தான் திம்ப? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

'பால்வினை நோய்ப் பிரிவு' என்ற பலகையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். "வேணாம் மதினி, யாராச்சும் பாத்தா மானம் போயிரும்" என்றேன். நீங்கள் விறுவிறுவென்று உள்ளே போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, "எனக்கும் பாருங்கம்மா" என்றீர்கள். உங்களுக்கு ஒரு நோவும் இல்லை! என் காதில் மட்டும் சொன்னீர்கள்: "ரெண்டு பேருல யாருக்குன்னு ஊரே மண்டைய ஒடைச்சுக்கட்டும்." அழவந்தவள் சிரித்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை, சிபிலிஸ் இல்லை. இருந்தது வேறு தொற்று, மாத்திரையில் குணமாகிவிடும். ஆனால் புருஷனும் சேர்ந்து சாப்பிடாவிட்டால் திரும்ப வரும், அப்படியே விட்டால் பிள்ளை தங்குவதே சிரமமாகலாம் என்றார் டாக்டரம்மா. எனக்குப் பிள்ளை வேண்டும், மதினி. அந்த மனுஷனும் வேண்டும்.

போனில், "எனக்கு ஒண்ணுமே இல்லையேக்கா" என்றார் உங்கள் தம்பி. கூடப்பிறந்தவன் என்று நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆம்பளைக்கு வெளிய தெரியாமலும் இருக்குமாம்டா. வந்து டெஸ்ட் எடு. அவ மட்டும் மாத்திரை தின்னு என்ன பிரயோசனம்?"

வந்தார், உம்மென்று. எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் நடுவில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு நீங்கள் சொன்னது இன்னும் கேட்கிறது: "சண்டைய அப்பறம் போட்டுக்கங்க. மொதல்ல மாத்திரையப் போடுங்க." போட்டோம். பிறகு சண்டையும் போட்டோம், நன்றாகவே. குணமாகும்வரை தள்ளியே இருந்தோம். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு மறுபடியும் பரிசோதித்துக்கொண்டோம். அதன்பிறகு அவர் வெளியூரிலிருந்து வந்தால் முதலில் டெஸ்ட். ரிசல்ட் வரும்வரை ஆணுறை. இது என் சட்டம், அவரும் மீறியதில்லை. அடுத்த வருடம் பிறந்த மகளுக்கு உங்கள் பெயரைத்தான் வைத்தோம். இப்போது அதே வாய்த்துடுக்கு.

போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. எங்கள் சண்டைக்கு நடுவே செம்பை வைக்க ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இன்று டப்பாவை மூடிவிட்டு அந்தப் பெண்ணிடம், "வெந்தயம் இருக்கட்டும். வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்" என்றேன்.

"ஐயோ அக்கா, யாராச்சும் பாத்துட்டா?"

கடையைப் பூட்டினேன். அதே பிரிவு, அதே பெஞ்ச். "யாருக்கும்மா பாக்கணும்?" என்று நர்ஸ் கேட்டதும் அவள் தலை குனிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கும் பாருங்கம்மா."