மிட் குமிழை ஏற்றியதும் வேலை பிழைத்தது

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம், தொப்பை அதைவிட நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அறையில் தனியாக வாசித்தபோது, கிட்டாரில் நடு ஒலிக்கான மிட் குமிழை அடியோடு இறக்கிவைத்தேன். தேனாக இருந்தது. அப்படியே ஓட்டல் மேடை ஏறினால், டிரம்ஸ் சத்தத்தில் ஆளையே காணோம்.

"அண்ணே, வாசிக்கிறீங்களா, சொறிஞ்சுக்கிறீங்களா?" என்றான் டிரம்ஸ்காரன். "இந்த ஆள் எதுக்கு?" என்றார் முதலாளி.

இடைவேளையில் மிட்டை ஏற்றினேன். தனியாகக் கேட்டால் ஜலதோஷம் பிடித்த மூக்குதான். வாத்தியக் கூட்டத்தில் ஒவ்வொரு தந்தியும் கணீரென்று கேட்டது. முதலாளியே தாளம் போட்டார். வேலை நிலைத்துவிட்டது, கவலைப்படாதே.

மிக்ஸி, டிவி, பிள்ளைகள் சண்டை எல்லாவற்றையும் தாண்டி உன் குரல் எப்படிக் கேட்கிறது என்று இப்போதுதான் புரிகிறது. இனி போனில் பேசும்போது மிக்ஸியை நிறுத்தாதே. இங்கே அறை ரொம்ப அமைதி.

கூப்பிடுகிறார்கள். டிரம்ஸ்காரன்தான், பாடகி இல்லை. வருகிறேன்.

உன் மூக்கடைத்த கிட்டார்காரன்